இன்னும் எத்தனை?

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் எங்களுக்கு ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பரீட்சைப் பணம் கட்ட முடியாத பையன்களுக்குத் தம் கைக்காசைக் கொடுத்தவர். ஆனால் விசில் வாயில் ஏறிவிட்டால் வேறு மனிதராகிவிடுவார்.

வாரத்தில் இரண்டு நாள் எங்களை மைதானத்தின் ஒரு கோடியில் வரிசையாக நிறுத்துவார். விசில் ஊதியதும் எதிர்க்கோடிவரை ஓட வேண்டும். மெதுவோட்டம் உதவாது, உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். பிறகு நடந்தே திரும்பி வர வேண்டும். வரிசை சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போதே மறுபடி விசில். மறுபடி ஓட்டம். இப்படி எத்தனை தடவை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு நாள் ஆறு. ஒரு நாள் பன்னிரண்டு. கேட்டால், “ஓடுகிறவனுக்கு எதற்கடா கணக்கு?” என்பார்.

என் பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். முதல் மூன்று விசிலுக்கு அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆறாவது விசிலில் உட்கார்ந்து வாந்தி எடுப்பான். நான் அப்படி இல்லை. முதல் ஓட்டத்திலும் நடுவில் வருவேன், ஆறாவது ஓட்டத்திலும் நடுவில் வருவேன். ஒரு நாள் மாஸ்டர் என்ன நினைத்தாரோ, “இதுதான் கடைசி!” என்று கத்திவிட்டு ஊதினார். எனக்கே தெரியாமல் கால்கள் பறந்தன. நாலு பேரைத் தாண்டி முன்னால் போய் நின்றேன். பாராட்டுவார் என்று பல்லைக் காட்டினேன். அவர் என் காதைப் பிடித்தார்.

“இவ்வளவு தெம்பை இத்தனை நேரம் எங்கேடா ஒளித்து வைத்திருந்தாய், திருட்டுப் பயலே?”

அன்று மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றேன். நின்றது மறந்துவிட்டது. ‘திருட்டுப் பயல்’ என்ற சொல் மட்டும் முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறது. ஏனென்றால் அது பொய் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தெம்பு என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை. உண்மைதானே? அப்படியானால் நான் திருடன்தானா? ஒரு மனிதன் தன் உடம்பிலுள்ள பலத்தைத் தானே மறைத்து வைத்துக்கொள்வது திருட்டாகுமா?

எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல யாராவது அகப்படுவார்களா என்று, சரீர சாஸ்திரம் பற்றிய விஷயங்களை அவ்வப்போது தேடிப் படித்து வந்திருக்கிறேன். படித்ததில் எனக்கு விளங்கியது இதுதான்.

தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தி ஏ.டி.பி. என்ற ஒரு பொருளிலிருந்து வருகிறது. தசையில் அது இருப்பதோ மிகக் கொஞ்சம். முழு ஓட்டத்தில் இரண்டொரு விநாடிக்குத்தான் காணும். அது செலவாகச் செலவாக ஈடுகட்டுவதற்குக் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. மடியில் முடிந்து வைத்த சில்லறை மாதிரி. அதுவும் பத்து விநாடி ஓட்டத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். அதோடு கூடவே, தசையில் சேமித்திருக்கிற சர்க்கரைச் சத்தைப் பிராணவாயுவின் துணையில்லாமல் அவசரமாக உடைத்துச் சக்தி எடுக்கிற வழி ஒன்று உண்டு. இது வட்டிக்கடை, கேட்டவுடன் பணம் கிடைக்கும், பின்னால் கஷ்டம். மூன்றாவது வழி, மூச்சினால் உள்ளே வரும் பிராணவாயுவைக்கொண்டு நிதானமாகச் சக்தி தயாரிப்பது. அது மாதச் சம்பளம். நம்பலாம், ஆனால் அவசரத்துக்கு உதவாது.

ஓடி முடித்து நிற்கும்போது மடியில் சில்லறை மறுபடி சேருகிறது. பாதி சேர அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் ஆகும். முழுவதும் சேரப் பல நிமிஷங்கள் வேண்டும். அதற்குள் அடுத்த விசில் வந்துவிட்டால், பாதி நிரம்பிய மடியோடுதான் ஓட வேண்டும்.

ஏ. வி. ஹில் என்ற ஆங்கில விஞ்ஞானி, தசையில் உஷ்ணம் உண்டாகும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1922-ஆம் வருஷத்து நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டவர். இவர் பிறரை மட்டும் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. தாமே ஓடித் தம் மூச்சை அளக்கக் கொடுத்தார். ஓட்டம் நின்ற பிறகும் நெடுநேரம் மூச்சு வாங்குகிறதே, அதற்குப் ‘பிராணவாயுக் கடன்’ என்று பெயர் வைத்தவர் அவர். கடன் என்ற அந்தச் சொல்லைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஹில் காலத்தில் களைப்புக்கெல்லாம் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட லாக்டிக் அமிலமும் இன்று ஏறக்குறைய விடுதலையாகிவிட்டது. ஓட்டத்தில் உண்டாகும் லாக்டேட்டை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்று இப்போது தெரிகிறது. நூறு வருஷத்துக்குள் குற்றவாளிகள் மாறுகிறார்கள், களைப்பு மாறவில்லை.

1993-இல் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஆறு விநாடி முழு பலத்தோடு முயல வேண்டியது. முப்பது விநாடி ஓய்வு. இப்படிப் பத்து முறை. அளப்பதற்கு வசதியாக மைதானத்தில் ஓடவிடாமல், நகராத சைக்கிளை மிதிக்க வைத்தார்கள். பத்தாவது முறையில் கிடைத்த சராசரி வேகபலம் முதல் முறையில் கிடைத்ததில் 73 சதவீதம். பிராணவாயு இல்லாமல் கிடைத்த சக்தியில், சர்க்கரையை உடைத்துப் பெற்ற பங்கு முதல் முறை 44 சதவீதம்; பத்தாவது முறை 16 சதவீதம். வட்டிக்கடைக்காரன் கதவைப் பாதிக்குமேல் சாத்திவிட்டான் என்று அர்த்தம். மூச்சும் பாதி மடிச் சில்லறையும்தான் மிச்ச வண்டியை இழுத்தன.

ஆகவே உடம்பு பின்வாங்குவது சோம்பேறித்தனத்தால் அல்ல, இருப்பு குறைவதால் என்று தெரிந்தது. எனக்கு ஆறுதல்தான். ஆனால் அது ஆறாவது விசிலில் விழுந்த பையனுக்குரிய சாட்சி. எனக்குரிய சாட்சி அல்ல. இருப்பு குறைந்ததால் நான் நடுவில் ஓடினேன் என்றால், கடைசி விசிலுக்கு நாலு பேரைத் தாண்டிய கால்கள் யாருடையவை?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதல்ல. பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவர்களைப் பாருங்கள். இருபத்து நாலு சுற்று ஓடிக் களைத்தவர்கள் இருபத்தைந்தாவது சுற்றில், மணி அடித்தவுடன், அதுவரை ஓடாத வேகத்தில் ஓடுகிறார்கள். தசை முழுவதும் காலியாகியிருந்தால் இது எப்படி முடியும்? டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க விஞ்ஞானி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். மூளை ஓர் ஆளுநரைப்போல உட்கார்ந்து, உடம்புக்குச் சேதம் வராதபடி முன்கூட்டியே பிடித்து வைக்கிறது; களைப்பு என்பது தசையின் நிலைமையைவிட மூளையின் எச்சரிக்கையே என்றார். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் ஓடுகிறவன் வரப்போகும் தூரத்தை மனத்தில் வைத்துத்தான் ஓடுகிறான் என்பதை மறுப்பவர்கள் குறைவு.

கடைசியில், 2011-இல் வெளியான ஒரு பரிசோதனையைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேர்ச்சி பெற்ற விளையாட்டுக்காரர்கள் பதினாலு பேர். அதே சைக்கிள், அதே ஆறு விநாடி முழு முயற்சி, இடையே இருபத்து நாலு விநாடி ஓய்வு. மூன்று வெவ்வேறு நாட்களில் அவர்களை அழைத்தார்கள். ஒரு நாள், “பத்து முறை” என்று உண்மையைச் சொன்னார்கள். இன்னொரு நாள், “ஐந்து முறைதான்” என்று சொல்லி, ஐந்து முடிந்த பிறகு, “இன்னும் ஐந்து” என்றார்கள். மற்றொரு நாள், எத்தனை என்று சொல்லவே இல்லை. பத்து முடிந்ததும் நிறுத்தினார்கள். மூன்று நாளும் கட்டளை ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் உங்களால் முடிந்த முழு பலத்தையும் கொடுங்கள்.

ஐந்து என்று நம்பிய நாளில் அந்த முதல் ஐந்து முறை அவர்கள் செய்த வேலை அதிகமாக இருந்தது. பத்து என்று தெரிந்த நாளில் குறைந்தது. எத்தனை என்றே தெரியாத நாளில்தான் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது.

இவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் அல்ல. பயிற்சி பெற்ற விளையாட்டுக்காரர்கள். முழு பலத்தையும் கொடுத்ததாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களைக் கேட்காமலே அவர்களுடைய உடம்பு ஒரு பங்கை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்தது. நாளைக்கு அரிசி வருமா என்று தெரியாத வீட்டுத் தாய், இன்றைக்கு உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கிறாளே, அதைத் திருட்டு என்று யாராவது சொல்வார்களா?

முப்பது வருஷத்திற்குப் பிறகு எனக்கு விடுதலை கிடைத்தது. நான் திருடன் அல்ல. கணக்குச் சொல்லாமல் ஓடச் சொன்னவர் அவர். கணக்குத் தெரியாத உடம்பு எதைச் செய்யுமோ அதை என் உடம்பு செய்தது. என் தீர்ப்பை இன்னும் கொஞ்சம் நீட்டி ஒரு தர்மமாகவும் வகுத்துக்கொண்டேன். ஒருவனிடம் முழு பலத்தையும் கேட்கிறவன், இன்னும் எத்தனை என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாமல் கேட்பது அநியாயம். பொய் சொல்லிக் கேட்பது அதைவிட அநியாயம்.

இப்படி வகுத்த பிறகு மனத்தில் ஓர் ஆட்சேபம் எழுந்தது. அளந்து கொடுப்பதுதான் இயற்கை என்றால், உலகத்தில் பெரிய காரியங்கள் எப்படி நடந்தன? எமில் ஜாடோபெக் என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். செக்கோஸ்லோவாகியக்காரர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எட்டு நாட்களுக்குள் பத்தாயிரம் மீட்டர், ஐயாயிரம் மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர். மாரத்தான் ஓட்டத்தை அதற்கு முன் அவர் ஓடியதே இல்லை. அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்ததும் நான் சொல்லிவரும் இதே விட்டுவிட்டு ஓடும் ஓட்டந்தான். நானூறு மீட்டர் வேகமாக ஓட வேண்டியது, கொஞ்சம் மெதுவாக ஓடி மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியது, மறுபடி நானூறு. ஒரே நாளில் நாற்பது தடவைகூட இப்படி ஓடியிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும்படி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுவார் என்பார்கள்.

அவருடைய தொடக்கமும் கட்டளையில்தான் இருந்தது. அப்போது அவர் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்த பையன். 1941-இல் தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர் நாலு பேரைச் சுட்டிக் காட்டி, பந்தயத்தில் ஓடச் சொன்னார். உடம்பு சரியில்லை என்று ஜாடோபெக் நழுவப் பார்த்தார். டாக்டர் பரிசோதித்து, ஓடலாம் என்றுவிட்டார். வேண்டாவெறுப்பாக ஓடி இரண்டாவதாக வந்தார். அதன் பிறகுதான் ஆசை பிறந்தது. ஆசை பிறந்த பின் அவரை யாரும் விரட்டவில்லை. நாற்பது என்ற கணக்கைப் போட்டவர் அவர். இன்னும் ஒன்று என்று சொன்னவரும் அவர். போதும் என்று நிறுத்தவும் அவருக்கு உரிமை இருந்தது. அதே நாற்பதை இன்னொருவன் கையில் விசிலோடு நின்று வாங்கியிருந்தால் அதற்குச் சித்திரவதை என்று பெயர். தானே வகுத்துக்கொண்டதால் அது தவம். உடம்புக்கு நேரும் வலியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

1968-இல் பிராக் நகரத்தில் சுதந்திரக் காற்று வீசியபோது ஜாடோபெக் அதற்கு ஆதரவாக நின்றார். சோவியத் டாங்கிகள் வந்து அந்தக் காற்றை அடக்கின. ராணுவ அதிகாரியாக இருந்த அவருக்கு உத்தியோகம் போயிற்று. பூமியைத் துளைபோட்டு ஆராயும் கூலிக் கூட்டத்தோடு ஊர் ஊராக, வீட்டைப் பிரிந்து, வருஷக்கணக்கில் உழைத்தார். பின்னால் தாம் எடுத்த நிலையிலிருந்து பகிரங்கமாகப் பின்வாங்கவும் செய்தார். நண்பர்கள் சிலருக்கு அது வருத்தமாயிருந்தது. அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மைதானத்தில் நாற்பது தடவைக்கு அஞ்சாத மனிதர்தான். ஆனால் இந்த ஓட்டத்திற்கு எத்தனை சுற்று என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையை நான் இங்கேயே முடித்திருக்கலாம். எனக்கும் விடுதலை, ஒரு பெரிய மனிதருக்கும் விடுதலை. ஆனால் அந்த 2011-ஆம் வருஷத்துப் பரிசோதனையைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2019-ஆம் வருஷக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. எங்கள் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வரும். எங்கள் வீடு இரண்டாவது மாடி. லாரி எத்தனை நேரம் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாதாகையால், நிற்கிற நேரத்துக்குள் குடங்களை ஓட்டமாக ஏற்றிவிட வேண்டும். முதல் நாள் நானும் இரண்டு குடம் தூக்கினேன். பிறகு பத்திரிகைக்குக் கதை கொடுக்க வேண்டிய தவணை ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள்தான் மற்றதைத் தூக்கினார். ஐம்பதைத் தாண்டியவர்.

“எத்தினி கொடம் சார்?” என்று கேட்டார்.

“நாலே நாலுதான் அக்கா” என்றேன்.

நாலும் விறுவிறுவென்று ஏறின. லாரி இன்னும் நின்றது. “இன்னும் ஒண்ணு அக்கா” என்றேன். அப்புறம் இன்னும் ஒன்று. கடைசியில் ஒன்பது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாளிலிருந்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். முதல் குடமே மெதுவாக ஏறியது. ஒவ்வொரு படித்திருப்பத்திலும் குடத்தை இறக்கி வைத்து, சுவரில் சாய்ந்து நின்றார்.

நான் ஜன்னலருகே பேனாவோடு உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்தேன். ஒரு நாள் லாரிக்காரன் குழாயைச் சுருட்டிக் கட்டினான். இனிமேல் தண்ணீர் கிடையாது. கையிலிருப்பதுதான் கடைசிக் குடம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் இரண்டு மாடியும் ஏறி வந்தார். நான் சமையலறைக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன்.

“பார்த்தாயா? இவ்வளவு தெம்பு இருக்கிறது. இத்தனை நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? சரியான திருட்டு.”

மனைவி திரும்பிப் பார்க்காமல், “நீங்க எத்தனை கொடம் தூக்கினீங்க?” என்றாள். பொம்மனாட்டிகள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதப் போய்விட்டேன். என் குரலில் என் டிரில் மாஸ்டர் பேசினார் என்பது அன்று என் காதில் விழவில்லை. அவரிடம்கூட ஒரு நேர்மை இருந்தது. அவர் கணக்கைச் சொல்லவில்லை. நான் பொய்க் கணக்குச் சொன்னேன். அவர் எங்களோடு வெயிலில் நின்றார்; நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு விடுதலை கொடுத்த சாட்சிதான் என்னைக் கூண்டில் நிறுத்தியது. ‘ஐந்துதான்’ என்று ஏமாற்றினால் முதல் ஐந்தில் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும் என்பது உண்மை. விஞ்ஞானிகள் அந்த ஏமாற்றை ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டார்கள். வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் அது தினமும் நடக்கிறது. ‘இந்த ஒரு மாதம் மட்டும் கஷ்டப்படுங்கள்’, ‘இதுதான் கடைசி வேலை’, ‘இன்னும் ஒன்றே ஒன்று’. முதல் தடவை ஏமாந்தவர்கள் இரண்டாம் தடவை பாதி நம்புகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு எல்லா நாளும் எத்தனை என்று தெரியாத நாள்தான். அப்போது அவர்கள் அளந்து கொடுக்கிறார்கள். நாம் அதைப் பார்த்து, ‘இந்தக் காலத்தில் யாருக்கும் வேலையில் மனசு இல்லை’ என்று வருந்துகிறோம்.

போன மாதம் என் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கீழே ஒரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த அம்மாள் இன்னும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நான் கட்டுகளை முன்கூட்டியே எண்ணி வைத்தேன்.

“பதினாலு கட்டு அக்கா. ஏழு நீங்கள், ஏழு நான். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது” என்றேன்.

அவர் சிரித்தார். “சொல்லுவீங்க சார்” என்றார்.

ஏழையும் மெதுவாகத்தான் இறக்கினார். படித்திருப்பங்களில் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் ஏழில் நாலாவதுக்கே எனக்கும் நிற்க வேண்டியிருந்தது. வண்டி போன பிறகு மேலே வந்து வாசற்படியில் நின்றார்.

“அவ்ளோதானா சார்?”

“அவ்வளவுதான்.”

போகாமல் இன்னும் சிறிது நேரம் நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

தசையில் செலவானது சில நிமிஷங்களில் திரும்பச் சேர்ந்துவிடும் என்று படித்தேன். இது அப்படிச் சேருகிற சமாசாரம் அல்ல. இன்னும் எத்தனை தடவை நான் சொன்ன கணக்குப்படி நடந்தால் அந்த அம்மாள் என்னை நம்புவார்? எனக்குத் தெரியாது. கணக்குச் சொல்லாத ஓட்டம் இப்போது என்னுடையது. இதில் நான் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் ஓட வேண்டும்.